கூடு கலைத்தவன்

சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது என்னவென்று பெயிண்டருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம்.

வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம். கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் கீரை, ஒரு துணிக்கொடி. அதற்கப்பால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா வீடு. சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்று ஒரு மழைக்காலத்தில் மூண்ட சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தையல்காரம்மாவின் மரம் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் இந்தப் பக்கம் கிளை நீட்டிக்கொண்டிருந்தது.

மழைக்கு முந்தைய வறட்டு வெயிலில், சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே நிழல் விழும் இடமாகப் பார்த்து அவை ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். பழுப்பு நிறம். பழைய கம்பளத்தைப் பிய்த்து உருட்டி அப்பியது போல இருந்தன. துணி காயப்போடப் போன பெயிண்டரின் மனைவிதான் முதலில் பார்த்தாள். கை நீட்டி, பிறகு என்னவோ தோன்றி கையை இழுத்துக்கொண்டாள். ஃபோனில் படம் எடுத்தாள்.

அவள் ஒரு பேக்கரியின் பின்கட்டில் வேலை செய்தாள். அடுப்பிலிருந்து வரும் ரொட்டியை ஆறவைத்து, வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து, பையில் போட்டு, வாயைத் திருகி டேப் ஒட்டுகிற வேலை. ரொட்டியைச் சூடாக வெட்டினால் நசுங்கிவிடும். அதனால் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம். தெருவில் அவளுக்கு ரொட்டிக்காரி என்று பெயர்.

தேநீர் நேரத்தில் படத்தைக் காட்டினாள்.

"பல்லி முட்டை," என்றார் மாஸ்டர், கண்ணாடியைப் போடாமலே.

"பல்லி முட்டையில முடி மொளைக்குமா மாஸ்டர்?" என்றார் அடுப்புக்காரர்.

"உன் தலையில மொளைக்கலங்கிறதுக்காக எங்கயுமே மொளைக்கக் கூடாதா?"

ரொட்டி ஏற்ற வந்த வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "இது கூடும்மா. எதோட கூடுன்னு மட்டும் கேக்காத. எதுவோ உள்ள தூங்குது. எழுந்து வரட்டும், அப்பப் பேரு கேட்டுக்கலாம்."

அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "என்னன்னு தெரியாமத் தொடாதீங்க. வெளிய வரட்டும், பார்த்துக்கலாம்."

பெயிண்டர் சிரித்தான். "நான் பார்க்காத சுவரா? சுவத்துல ஒட்டியிருக்கிற எல்லாமே எனக்கு அழுக்குதான். மீந்த பெயிண்டு இருக்கு. லீவு நாள்ல ஒரு கோட்டு அடிச்சா பின்பக்கம் பளிச்னு ஆயிடும்."

"நான் சொல்றதைக் கேளுங்களேன்."

"நீ ரொட்டியைப் பத்திச் சொல்லு, கேக்குறேன். சுவத்தைப் பத்தி நான் சொல்றேன்."

பேக்கரிக்கு லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. மூலையில் ஏதோ எரிந்த சாம்பல். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

"தூங்கலையா, கண்ணு செவந்திருக்கு?"

"உறுத்துதும்மா," என்றது வாண்டு.

மறுநாள் இடதுகண் வீங்கி, நீர் வடிந்தது. தெருமுனை டாக்டரிடம் போனார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. டாக்டர் குழந்தையின் இமையை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எதாவது விழுந்துச்சா?" என்றார்.

பெயிண்டர்தான் பதில் சொன்னான். "அப்படி ஒண்ணும் இல்ல சார். நேத்து தோட்டத்துச் சுவத்துல கூடு இருந்துச்சு, கலைச்சேன். பாப்பா பக்கத்துல இருந்துச்சு."

"கூடா?" டாக்டர் நிமிர்ந்தார். "கொட்டிருச்சா?"

"இல்ல சார், கொட்டல."

"நல்லாத் தெரியுமா? கண்ணுகிட்ட கொட்டினா ஆபத்து."

"கொட்டல சார். ஒண்ணுமே பறக்கல."

"அப்ப அது இல்ல. இது கண்நோய். ஊரெல்லாம் இருக்கு. பள்ளிக்கூடத்துல ஒட்டியிருக்கும்." சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆள் நாற்காலியில் பாதி உட்கார்ந்தாயிற்று.

டாக்டர் நினைத்தது குளவிக் கூடு. பெயிண்டர் சொன்னது வேறு கூடு. ஒரே சொல் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நின்ற அவளுக்கும் அப்போது அது உறைக்கவில்லை. கூடு என்றால் கூடுதானே என்றிருந்தது.

சொட்டு மருந்து விட்டும் கண் ஆறவில்லை. நாள் போகப் போகக் குழந்தைக்கு வெளிச்சமே ஆகாமல் போனது. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்ளும். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் ஊட்ட வேண்டியிருந்தது.

"கண்நோய்னா அப்படித்தான்," என்றான் பெயிண்டர். "எங்க சைட்ல பாதிப் பேருக்கு வந்து போச்சு." ஈரப்பஞ்சால் குழந்தையின் கண்ணை அழுத்தித் துடைத்தான். குழந்தை வீறிட்டது. "பீளையை எடுக்கலன்னா ஒட்டிக்கும்டா செல்லம்," என்று மறுபடியும் துடைத்தான். பிரியமாகத்தான் துடைத்தான்.

கூடையில் சேர்ந்த அழுக்குத் துணியை ஒருநாள் விடிகாலையில் துவைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். வாண்டுவின் மஞ்சள் கவுனும் அதில் இருந்தது. பேக்கரி வெக்கையில் முன்கை இரண்டும் அரிக்க ஆரம்பித்தன. வரிவரியாகத் தடித்திருந்தது. சொறிந்தால் முள் முள்ளாகக் குத்தியது. கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பையைத் திருகு, டேப்பைக் கிழி, ஒட்டு. ஒரு துண்டு டேப் தவறிப்போய் அவள் கையிலேயே ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று உரித்தாள். உரித்த இடத்தில் குத்தல் நின்றுவிட்டது.

டேப்பை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பழுப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஊசி ஊசியாக முடிகள்.

"என்னம்மா இது, பிரஷ் முடியா?" என்றார் மாஸ்டர். "வீட்டுக்காரர் பிரஷ்ஷா?"

அந்த மஞ்சள் கவுனை வாண்டு என்றைக்குப் போட்டிருந்தது என்று அவள் யோசித்தாள். நினைவு வந்ததும் தலைத்துணியை அவிழ்த்து மேஜை மேல் போட்டுவிட்டு நடந்தாள். வெட்டாத ரொட்டிகள் தட்டில் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன.

பெயிண்டர் அன்று வேலை செய்துகொண்டிருந்தது பெரிய வீடு ஒன்றில். வாசல் அறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி ஏணி மேல் நின்றிருந்தான். ஜன்னல்களுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. பெயிண்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தெளிப்பானால் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். பழைய பூச்சு ஊறினால்தான் தூசு பறக்காமல் உரியும். வீட்டுக்காரர்களின் குழந்தைகள் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தன.

"உள்ள போங்கடா கண்ணுங்களா," என்றான் பெயிண்டர். "மேல இருந்து விழும். கண்ணுல பட்டா ஆபத்து."

அவள் அதைக் கேட்டாள். கதவோரத்தில் நின்று, அந்தக் குழந்தைகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை பார்த்தாள். பிறகுதான் அவன் அவளைப் பார்த்தான்.

"நீ எங்க இங்க? வாண்டு எங்க?"

"எதிர்வீட்டுல விட்டிருக்கேன். இதைப் பாருங்க."

"டேப்பு."

"டேப்புல என்ன இருக்குன்னு பாருங்க."

"பிரஷ் முடி."

"உங்க பிரஷ் முடி என் கையில ஏன் குத்துது? வாண்டு கவுனைத் துவைச்சேன். அன்னைக்குப் போட்டிருந்த கவுனு."

"சோப்பு ஒத்துக்கலையா இருக்கும்."

"ஏங்க, அன்னைக்குத் தண்ணி அடிச்சீங்களா?"

ஏணி மேலிருந்த கூட்டாளி பதறிப்போனான். "அண்ணி, சத்தியமா வேலை நேரத்துல அவன் தொடவே மாட்டான்."

"நீங்க சும்மா இருங்கண்ணே. நான் சுவத்தைக் கேக்குறேன். நம்ம வீட்டுச் சுவத்துக்குத் தண்ணி அடிச்சுட்டுச் சுரண்டினீங்களா, இல்ல காஞ்ச சுவத்துல சுரண்டினீங்களா?"

பெயிண்டர் மூக்குத்துணியைக் கீழே இறக்கினான். "நம்ம சுவருக்கு எதுக்கு அதெல்லாம். வெளிச்சுவரு."

"வாண்டு எங்க நின்னுச்சு?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா?"

"கீழ." அவன் தெளிப்பானைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "விழறதைக் கவுன்ல பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. தரையில குப்பை விழாம இருக்கேன்னு நானும் விட்டேன்."

"அண்ணாந்து பார்த்துக்கிட்டா?"

அவன் தெளிப்பானைத் தரையில் வைத்தான்.

"ஊரான் பிள்ளைங்களை உள்ள போகச் சொல்றீங்க. கேட்டேன், நல்லா கேட்டேன். நம்ம பிள்ளையைக் கீழ நிறுத்தி அது கண்ணுல கொட்டியிருக்கீங்க."

"மெதுவாப் பேசு. வேலை பார்க்கிற வீடு."

"அதுக்குத்தான் இவ்வளவு மெதுவாப் பேசுறேன். மிச்சம் எங்க? அதுல ஒண்ணாவது இருக்கா? டாக்டர்கிட்ட காட்டணும்."

"எரிச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கூட்டாளி ஏணியிலிருந்து இறங்கலாமா வேண்டாமா என்று ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தபடி நின்றான். அவள் திரும்பி நடந்தாள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. பாதி வழியில்தான் அவளுக்குப் புத்தியில் பட்டது: சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. அவன் சுரண்டியது ஒரு பக்கத்தை.

தையல்காரம்மாவின் இயந்திரம் அவளைக் கண்டதும் நின்றது.

"சாக்கடை விஷயம்னா உங்க வீட்டு ஆம்பளையை வரச் சொல்லு. அன்னைக்குப் பேசின வாய் அவரோடதுதானே."

"உங்க பக்கத்துச் சுவத்தைப் பார்க்கணும்க்கா."

"எதுக்கு? இந்தப் பக்கமும் சுரண்டிக் குடுக்கிறாராமா?"

"வாண்டுக்குக் கண்ணு போயிரும் போல இருக்கு," என்றாள். அதுவரை அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தையல்காரம்மா மடியிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அந்தப் பிள்ளைக்கா? கொஞ்ச நாளா சத்தத்தையே காணோமேன்னு நினைச்சேன். என்ன ஆச்சு?"

ரொட்டிக்காரி டேப்பை நீட்டினாள். தையல்காரம்மா ஊசி கோக்கிற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைவரை ஆறிப்போன தடிப்புகள்.

"அன்னைக்குச் சுரண்டும்போது புகை மாதிரி சுவத்தைத் தாண்டி வந்துச்சு. கொடியில காஞ்ச துணியை எடுத்து மடியில போட்டுத் தைச்சேன். ராத்திரி முழுக்கப் பிச்சுப் பிடுங்கிருச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்ல? சுவத்து மேல ஏறிக் கூவவா? நாமதான் பேசுறதில்லையே."

"பேசக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நான் சொன்னேன். நீயும்தான் சொன்ன."

இரண்டு பேரும் பின்பக்கம் போனார்கள். மரத்தின் கீழ்க்கிளைகளில் இலையே இல்லை. நரம்பு மட்டும் மிஞ்சி நின்றது.

"என்னக்கா இது, மரம் இப்படிக் கிடக்கு?"

"கம்பளிப்பூச்சி. போன மாசம் அடிமரமெல்லாம் அப்பிக் கிடந்துச்சு. ஒருநாள் பார்த்தா ஒண்ணுகூட இல்ல. தொலைஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

"எங்கயும் தொலையல." அவள் சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே கை காட்டினாள். நிழலில் அவை வரிசையாக ஒட்டியிருந்தன.

தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பூச்சியை அவள் பார்த்திருந்தாள், கூட்டைப் பார்க்கவில்லை. கூட்டை இவர்கள் பார்த்திருந்தார்கள், பூச்சியைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு செங்கல் கனம்.

"ஒரு வார்த்தை," என்றாள் ரொட்டிக்காரி. "கம்பளிப்பூச்சின்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா நான் அந்தப் பிள்ளையைத் தோட்டத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்."

"என்னைத் திட்டுறதுன்னா அப்புறம் வந்து திட்டு. இப்ப அதை எடு."

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சுவரை நனைத்தார்கள். தையல்காரம்மா இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, பெரிய கத்தரிக்கோலின் நுனியால் ஒன்றை நெம்பிப் பொத்தான் டப்பாவுக்குள் விழ வைத்தாள். மூடியை அழுத்தினாள். உள்ளே அது ஒருமுறை அசைந்தது.

ரொட்டிக்காரி டப்பாவோடு வெளியே வந்தபோது பெயிண்டர் வாசலில் நின்றிருந்தான். எதிர்வீட்டிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டிருந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "வண்டி சொல்லியிருக்கேன்," என்றான்.

கண்ணாஸ்பத்திரி டாக்டர் நடுவயதுப் பெண். டப்பாவைத் திறக்கும் முன் கையுறை போட்டுக்கொண்டார். கூட்டின் மேலிருந்து இடுக்கியால் ஓர் இழையைப் பிடுங்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். பிறகு குழந்தையின் தாடையைக் கருவியில் ஊன்றவைத்து, மேல் இமையைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். மறுபடியும் கண்ணைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். "என்ன பூச்சின்னு பேரு சொல்ல எனக்குத் தெரியாது. கம்பளிப்பூச்சி வகையில ஒண்ணு. கூடு கட்டும்போது தன் முடியையே உதிர்த்து நூலோட சேர்த்துப் பின்னிக்கும், எதுவும் கிட்ட வரக் கூடாதுன்னு. இந்த முடியில ஒரு பக்கமா செதில் இருக்கு. முன்னால போகும், பின்னால வராது. கசக்கக் கசக்க உள்ளதான் போகும். எப்படி விழுந்துச்சு?"

"கூட்டைக் கலைச்சேன் மேடம்," என்றான் பெயிண்டர். "காத்துல..."

"காத்துல இல்ல," என்றாள் அவள். "காஞ்ச சுவத்துல தகடு வச்சுச் சுரண்டினாரு. குழந்தை நேர் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துச்சு. அப்புறம் தினமும் ஈரப்பஞ்சை வச்சு அழுத்தித் துடைச்சாரு."

டாக்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "தலையைப் பிடிச்சுக்கணும். அசையக் கூடாது. யாரு பிடிக்கிறீங்க?"

"அவரு பிடிக்கட்டும்," என்றாள்.

மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். பெயிண்டர் பின்னால் நின்று குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தான். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். முதலில் இமைக்கு உள்பக்கம், பிறகு கருவிழி. ஒவ்வொரு தடவை இடுக்கி கிட்டே வரும்போதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறந்து பாருங்க," என்றாள் அவள்.

அவன் திறந்து பார்த்தான்.

எல்லாம் வந்துவிடவில்லை. ஒன்று ஆழத்தில் போயிருந்தது. அதைத் தோண்டினால் இன்னும் மோசம் என்றார் டாக்டர். மருந்து விட்டு, அடிக்கடி வந்து காட்ட வேண்டும். அது அங்கேயே அடங்கிக் கிடக்கலாம். உள்ளே நகர்ந்தால் கத்தி வைக்க வேண்டி வரும். "பார்வை இப்போதைக்கு இருக்கு. இனிமே எப்படின்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. யார் கையும் சோப்புப் போடாம அந்தக் கண்ணுகிட்ட போகக் கூடாது."

மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு வாண்டு அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டது. கட்டின் பக்கம் போகாமல் அதன் கை இரண்டையும் அவள் பிடித்துக்கொண்டாள். பெயிண்டரின் ஃபோன் அடித்தது. அவன் அம்மா. அந்த ஃபோனில் பெயிண்ட் ஏறிக் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும்.

"பாப்பாவுக்கு என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. கண்ணுல தூசி விழுந்துருச்சு. எடுத்துட்டாங்க."

"தூசி விழறவரைக்கும் அவ எங்க போனா? பெத்தவளுக்குப் பிள்ளை மேல ஒரு கண்ணு வேண்டாமா?"

பெயிண்டர் தரையைப் பார்த்தான். "அவ வேலைக்குப் போயிருந்தாம்மா."

"அதானே. ரொட்டிதான் முக்கியம் மகாராணிக்கு."

"சரிம்மா, வச்சிடவா," என்றான்.

"வைக்காதே," என்றாள் அவள்.

அவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை.

"தூசியா விழுந்துச்சு? சொல்லு."

"வீட்டுக்குப் போய்..."

"இங்கயே. இப்பவே. எது விழுந்துச்சு, யாரு இருந்தது, யாரு சுரண்டினது. சொல்லு."

"யாருப்பா அது, அவளா அப்படிப் பேசுறது?" என்றது ஃபோன்.

எதிர்பெஞ்சில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மற்றக் கண்ணால் அவர்களைப் பார்த்தார். பெயிண்டர் ஃபோனை வாய்க்கு அருகில் கொண்டுபோனான்.

"அம்மா. தூசி இல்லம்மா. கம்பளிப்பூச்சிக் கூடு. தொடாதீங்கன்னு இவ முன்னாடியே சொன்னா. நான்தான் சுரண்டினேன். பாப்பாவைக் கீழ நிறுத்திட்டுச் சுரண்டினேன். எல்லாம் பாப்பா கண்ணுல விழுந்துருச்சு. ஒண்ணு இன்னும் உள்ளேயே இருக்கு."

ஃபோனில் சத்தமில்லை. வைத்துவிட்டார்களா என்று அவன் திரையைப் பார்த்தான். வைக்கவில்லை. அவன்தான் வைத்தான்.

குழந்தை முனகிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. கட்டின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவன் கை நீட்டினான். நகக்கண்ணில் இன்னும் அந்தப் பெரிய வீட்டுச் சுவரின் வெள்ளை இருந்தது.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"கழுவிட்டு வா," என்றாள்.

அவன் எழுந்து போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது.